ஏணியை மேலே இழுத்துக்கொண்ட வீடு

ஃபியோர்டு என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எங்களுக்குள் வெகுநாட்களாக ஒரு விவாதம் உண்டு. கழி என்றால் ஆழமற்ற உப்புநீர் கண்முன் வந்து நிற்கிறது. தாழையும் கண்டலும் கூடவே வந்துவிடுகின்றன. வளைகுடா என்றால் அகலம் மிகுந்துவிடுகிறது. பள்ளத்தாக்கு என்றால் கடல் விடுபட்டுப் போகிறது. பனியாறு குடைந்த மலையிடுக்கில் கடல் புகுந்து நிற்கும் இடம் என்று விளக்கிச் சொல்லலாமே தவிர, ஒற்றைச் சொல்லில் அடக்க எங்களால் இயலவில்லை. எனவே வந்த சொல்லை வந்தபடியே வைத்துக்கொண்டோம். பழைய நோர்ஸ் மொழியில் அதன் வேர் கடந்து செல்வதைக் குறிப்பது. மனிதரையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கும் ஃபெர்ரியின் பெயரும் அந்த வேரிலிருந்தே கிளைத்தது. அந்நிலத்து மக்கள் அதைப் பார்க்குமிடமாக அல்ல, கடக்குமிடமாகவே கண்டு பெயரிட்டிருக்கிறார்கள். மலைகளுக்கு நடுவே சாலையற்றிருந்த காலத்தில் நீர்தான் சாலை.

பார்ப்பதற்காகவே அதைக் கடப்பவர்கள் நம்மைப் போன்றவர்கள். வேலை நிமித்தம் ஓஸ்லோவில் வாழும் நாங்கள் இருவரும், ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மாவும், ஒரு ஜூன் மாத இறுதியில் மேற்கு நார்வேயின் கெய்ராங்கர் ஃபியோர்டுக்குப் போனோம். வரைபடத்தில் அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஸ்தூர்ஃபியோர்டு என்னும் பெரிய நீர்க்கிளை கடலிலிருந்து உள்நாட்டுக்குள் நுழைகிறது. அதன் கிளை சூனில்வ்ஸ்ஃபியோர்டு. அந்தக் கிளையிலிருந்து பிரியும் 15 கிலோமீட்டர் நீளமுள்ள சிறுகிளையே கெய்ராங்கர். 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதையும், தெற்கே இருக்கும் நேரொய் ஃபியோர்டையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஹெல்லெசில்ட் என்ற சிற்றூரில் காரோடு படகில் ஏறினால், ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேல், கெய்ராங்கர் ஊரில் இறங்கிவிடலாம். உட்கார்ந்தபடியே உலகத்தின் ஓர் அற்புதத்தைப் பார்த்துவிடலாம் என்பதுதான், முழங்கால் வலியுள்ள பெரியம்மாவை அழைத்துச் செல்ல எங்களைத் தூண்டியது.

பெரியம்மாவைப் பற்றிச் சில வரிகள் சொல்லியாக வேண்டும். காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பெரியப்பா காலமான பிறகும் பல ஆண்டுகள் தனியாக இருந்து வெள்ளாடு வளர்த்தவர். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் ஆடுகளை விற்றார். பட்டிக்கும் வீட்டுக்கும் பூட்டுப் போட்டுவிட்டுக் கோவையில் மகனோடு போய் இருந்துகொண்டார். வீட்டைச் சுற்றியிருந்த காட்டை விலைக்குக் கேட்டு வருபவர்களுக்கு இரண்டு ஆண்டுகளாக அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். எங்களிடம் அவர் வந்ததில் ஊர் பார்க்கும் ஆசையைவிட அந்தக் கேள்வியிலிருந்து கொஞ்ச நாள் விலகியிருக்கும் ஆசையே அதிகம் என்று எங்களுக்குத் தோன்றியிருந்தது.

ஹெல்லெசில்ட்டுக்கு இலக்கிய வாசகர்கள் வேறொரு வழியாகவும் வந்து சேரலாம். 1862ஆம் ஆண்டில், அதிகம் அறியப்படாத நாடகாசிரியராக இருந்த ஹென்ரிக் இப்சன், நாட்டார் கதைகளைத் திரட்டுவதற்காக உதவித்தொகை பெற்று மேற்கு நார்வேயின் இந்த மலைகள் வழியே பயணம் செய்தார். நான்கு ஆண்டுகள் கழித்து வெளிவந்த 'பிராண்ட்' நாடகத்தில், ஒரு மலையூரின் பாதிரியார் தன் உறுதியால் தன்னைச் சுற்றியிருக்கும் அனைவரையும் வதைத்து, கடைசியில் பனிச்சரிவில் புதைந்து போகிறார். அதைப் படித்தபோது அந்த முடிவை எங்களில் ஒருவர் மிகையான நாடகத்தனம் என்றும், மற்றவர் தத்துவார்த்தமான குறியீடு என்றும் எடுத்துக்கொண்டிருந்தோம். படகு கரையைவிட்டு நகர்ந்து, இருபுறமும் பாறை எழும்பத் தொடங்கியதும் இரண்டும் தேவைப்படாமல் போயின. இங்கே மலை விழும். அது இந்நிலத்தின் அன்றாடம்.

சூனில்வ்ஸ்ஃபியோர்டிலிருந்து படகு கிழக்கே திரும்பும்போது வானம் ஒரு பட்டையாகச் சுருங்கியது. நீரின் நிறம் பச்சையா கருப்பா என்று சொல்ல முடியவில்லை. இருபுறமும் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பாறைச் சுவர்கள், கரை என்று ஒன்றை விட்டுவைக்காமல் நேராக நீருக்குள் இறங்குகின்றன. இறங்கியவை நீர்மட்டத்தோடு நின்றுவிடுவதுமில்லை. கெய்ராங்கரின் ஆழம் 250 மீட்டரைத் தாண்டும். தெற்கேயுள்ள சோக்னஃபியோர்டு 1300 மீட்டருக்கும் மேல் ஆழமானது. கடலின் வாயருகே ஆழம் குறைந்தும், உள்ளே போகப் போக மிகுந்தும் இருப்பது ஃபியோர்டுகளின் விசித்திரம். ஆறு அறுத்த பள்ளமாக இருந்தால் இப்படி இருக்க இயலாது. பனியாறு உள்நாட்டில் தடித்துக் கனத்துக் கிடந்தது. அங்கே ஆழமாகத் தோண்டியது. கடலை நெருங்க நெருங்க மெலிந்து வலுவிழந்தது. அங்கே ஒரு வாசற்படியை விட்டுவிட்டது. பல பனியூழிகளில், வந்தும் போயும் மீண்டும் வந்தும் அது செய்த வேலை இது. கடைசிப் பனி பின்வாங்கிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது.

அருவிகளும் அந்த வேலையின் மிச்சங்களே. பெரும் பனியாறு தன் படுக்கையை ஆழமாக்கிக்கொண்டே போனபோது, பக்கங்களிலிருந்து வந்து சேர்ந்த சிறு பனியாறுகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துத் தோண்ட முடியவில்லை. பனி உருகியபின் அந்தச் சிறு பள்ளத்தாக்குகள் பெருஞ்சுவரின் நடுவில் வாய் திறந்தபடி அந்தரத்தில் நின்றுவிட்டன. நம் புவியியல் பாடநூல்கள் அவற்றைத் தொங்கு பள்ளத்தாக்குகள் என்கின்றன. அங்கு சேரும் பனிநீருக்குக் குதிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்படிக் குதிப்பவற்றில் புகழ்பெற்றவை ஏழு சகோதரிகள். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஏழு வெண்கோடுகள். அவற்றுள் உயரமானது ஏறத்தாழ 250 மீட்டர் விழுகிறது. எதிர்க்கரையில் தனியாக ஓர் அருவி இருக்கிறது. அதன் பெயர் பெண் கேட்பவன். ஏழு பேரையும் கேட்டு, ஏழு பேரும் மறுத்துவிட, குடியில் விழுந்துவிட்டானாம். அருவியின் நடுவே பாறையில் தெரியும் வடிவம் அவன் கையிலிருக்கும் புட்டி என்று கதை. ஒலிபெருக்கியில் வந்த இந்தக் கதையை நாங்கள் தமிழில் சொன்னதும் பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தார். "நல்லவேளை, ஒருத்தியாவது சரின்னு சொல்லாம இருந்தாளே" என்றார். எல்லோரும் படம் எடுத்தார்கள். நாங்களும் எடுத்தோம். கோடை முற்றி மேலே பனி தீர்ந்துவிட்டால் சகோதரிகளில் சிலர் காணாமல் போய்விடுவார்கள் என்பதால், ஜூன் மாதமே அவர்களைக் காண உகந்த காலம்.

பெரியம்மாவின் பார்வை மட்டும் அருவியில் நிலைக்காமல் எதிர்ப்புறச் சுவரில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. "அங்க ஊடு இருக்குது பாரு" என்றார்.

இருந்தது. நீர்மட்டத்திலிருந்து 250 மீட்டர் உயரத்தில், பாறையின் விளிம்பில், கைக்குட்டை அளவில் ஒரு பசுமை. அதில் புல் வேய்ந்த கூரைகள். அதற்கு ஸ்காகெஃப்ளோ என்று பெயர். ஒருகாலத்தில் இந்த ஃபியோர்டில் செழிப்பான பண்ணைகளில் ஒன்றாக இருந்தது. ஆடுகளே அதன் செல்வம். மேலே ஏறும் வழியில் ஓரிடத்தில் ஏணி வைத்துத்தான் கடக்க வேண்டியிருந்ததாம். வரி வசூலிப்பவரின் படகு கீழே தென்பட்டதும் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்கள் என்பது ஒவ்வொரு படகிலும் சொல்லப்படும் கதை. ஒலிபெருக்கி அதைச் சொன்னபோது பயணிகள் சிரித்தார்கள். இதுபோன்ற விளிம்புப் பண்ணைகளில், தளர்நடை பயிலும் குழந்தைகள் தவறி விழுந்துவிடாமலிருக்க இடுப்பில் கயிறு கட்டி முளையில் பிணைத்து வைத்திருப்பார்கள் என்ற செய்தி அடுத்து வந்தது. அதற்கும் சிலர் சிரித்தார்கள்.

பெரியம்மா சிரிக்கவில்லை. "ஏங்கண்ணு, அத்தன வெள்ளாட்டையும் எப்படிக் கீழ எறக்கி ஓட்டிப்போவாங்க?" என்று கேட்டார். பிறகு கேள்விகள் நிற்கவே இல்லை. தண்ணீர் எங்கிருந்து? குளிர்காலத் தீவனத்தை எங்கே சேர்த்து வைப்பார்கள்? குட்டி போடும் சமயத்தில் பனி விழுந்தால்? சந்தைக்கு எப்படிப் போவார்கள்? எங்களுக்குத் தெரிந்தவற்றைச் சொன்னோம். கீழே நீரோரம் படகுக் கொட்டகை இருக்கும். அங்கிருந்து உப்பும் மாவும் முதுகுச் சுமையாகத்தான் மேலே போகும். அரிந்த புல்லைக் கட்டாகக் கட்டி, சரிவின் குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பி வழியாகக் கீழே வழுக்கி விடுவார்கள். இந்த நீர் ஆழமான உப்புநீர் ஆதலால் குளிர் கடுமையாக இராது. பனிச்சரிவு வரும் தடங்களை விலக்கித்தான் அந்த விளிம்புகளைத் தேர்ந்தார்கள். பெரியம்மா அனைத்தையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தண்ணி இருக்குது, புல்லு இருக்குது. அடுத்தவன் காட்டுல வாய் வெக்காது. ஆடு நல்லாத்தான் இருந்திருக்கும். மனுசருக்குத்தான் செரமம்."

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அங்கு வாழ்வனவற்றையும் செய்தொழிலையும் கருப்பொருள் என்றும், அங்கு நிகழும் மன ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் பிரிப்பதை இங்கு நினைத்துக்கொண்டோம். ஃபியோர்டில் குறிஞ்சியும் நெய்தலும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. காலையில் ஆடு மேய்த்தவன் மாலையில் வலை வீசுகிறான். ஆனால் உல்லாசப் படகு காட்டுவது முதற்பொருளை மட்டுமே. பாறை எவ்வளவு உயரம், நீர் எவ்வளவு ஆழம். பெரியம்மா கேட்டவை எல்லாம் கருப்பொருளைப் பற்றிய கேள்விகள். ஆடு, புல், நீர், சந்தை. அவற்றின் வழியாகத்தான் அவர் அங்கிருந்தவர்களின் மனத்துக்குள் நுழைய முயன்றார். அவருக்கு வேறு வழி தேவைப்படவுமில்லை.

ஸ்காகெஃப்ளோவிலிருந்து கடைசியாக மனிதர்கள் இறங்கிப் போனது 1916ஆம் ஆண்டில். எதிர்க்கரையில் ஏழு சகோதரிகளுக்கு அருகிலிருக்கும் க்னீவ்ஸ்ஃப்ளோ அதற்கும் முன்னதாகவே, 1890களின் இறுதியில், காலியானது. வீடுகளுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த பாறை எந்நேரமும் விழலாம் என்ற அச்சமே காரணம். அச்சம் வீணானதன்று. பனியாறு இருந்தவரை இந்தச் சுவர்களுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது போனபின் அவை தம் கனத்தைத் தாமே தாங்கி நிற்கின்றன. விரிசல்களில் நீர் இறங்கி உறைந்து விரிகிறது. 1934 ஏப்ரல் 7 அதிகாலையில், இதே ஸ்தூர்ஃபியோர்டின் இன்னொரு கிளையான தாஃபியோர்டில், ஒரு மலைச்சரிவு பெயர்ந்து நீருக்குள் விழுந்தது. பாறை விழுந்த இடத்தருகே நீர் 60 மீட்டருக்கு மேல் எழுந்து கரையேறியது. அந்த அலையில் தாஃபியோர்டு, ஃபியோரோ ஆகிய சிற்றூர்களில் 40 பேர் இறந்தார்கள்.

அந்தக் கதை முடிந்துவிடவில்லை. படகு கெய்ராங்கருக்குள் திரும்பும் இடத்திலிருந்து சற்று வடக்கே, சூனில்வ்ஸ்ஃபியோர்டின் கரையில், ஓக்னெஸ் என்ற சரிவு இருக்கிறது. அதன் உச்சியில் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசல். அது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அகன்றுகொண்டே இருக்கிறது. முழுவதும் ஒரே தடவையில் பெயர்ந்தால் 5 கோடி கன மீட்டருக்கும் மேற்பட்ட பாறை நீருக்குள் இறங்கலாம் என்பது நிலவியலாளர்களின் கணிப்பு. நாங்கள் படகேறிய ஊரையும் இறங்கப்போகும் ஊரையும் அலை சில நிமிடங்களில் எட்டிவிடும். 2000களின் நடுவிலிருந்து அச்சரிவில் அளவிகள் பொருத்தி இரவும் பகலும் கண்காணிக்கிறார்கள். விரைவு கூடினால் முன்கூட்டியே மக்களை மேட்டுக்கு அனுப்பிவிடத் திட்டம் இருக்கிறது. 2015இல் வெளிவந்த நார்வேத் திரைப்படமான 'அலை', அந்த நாள் வந்துவிட்டதாகக் கற்பனை செய்து கெய்ராங்கரிலேயே நடக்கும் கதை. படம் பார்த்தவர்களும் இங்கே வருகிறார்கள். ஊர்க்காரர்களும் படம் பார்த்துவிட்டு, மறுநாள் வழக்கம்போலக் கடை திறக்கிறார்கள்.

இவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு சிறு மனத்தாங்கல் எழுந்தது. எதிரே ஒரு பெரும் உல்லாசக் கப்பல் வந்தது. பத்து மாடிகளுக்கு மேல். ஸ்காகெஃப்ளோவுக்கு நேர்கீழே அது கடந்தபோது பண்ணை வீடுகள் தீப்பெட்டிகளைப் போலத் தெரிந்தன. ஒருவர் வாழ்ந்து ஓய்ந்துபோன இடத்தை வேடிக்கைப் பொருளாக்கி, குழந்தையைக் கட்டிய கயிற்றைக்கூட நகைச்சுவையாக்கும் இந்தப் பயணங்கள் ஒருவகை அவமதிப்பு என்றார் எங்களில் ஒருவர். மற்றவர் ஒப்பவில்லை. 1975இல் தொடங்கப்பட்ட ஸ்தூர்ஃபியோர்டு நண்பர்கள் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் ஏறிச்சென்று கூரை வேயாமல் இருந்திருந்தால், அந்தத் தீப்பெட்டிகளும் இன்று இருந்திரா. 1993இல் மன்னர் ஹரால்டும் அரசி சோன்யாவும் தங்கள் வெள்ளிவிழா மணநாளை அந்த விளிம்பில்தான் கொண்டாடினார்கள். பார்வையாளர் வருவதால்தான் நாடும் அதைக் கவனிக்கிறது. கப்பல்களின் புகை இந்த இடுக்குக்குள் தேங்கி நின்றதைக் கண்டுதான், உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் புகையற்ற கப்பல்கள் மட்டுமே வர வேண்டும் என்று 2018இல் நார்வே நாடாளுமன்றம் தீர்மானித்தது. சிறிய பயணக் கப்பல்களுக்கு 2026 முதல், பெரியவற்றுக்கு 2032 முதல் என்று விதி வகுக்கப்பட்டது. பார்ப்பதே குற்றம் என்றால் நாம் மூவரும் இந்தப் படகில் என்ன செய்கிறோம் என்று அவர் கேட்டார்.

இப்படி வாதம் செய்பவர்களுக்கு அழிந்துபோன ஒரு வாழ்க்கை மிக அழகாகத் தெரியும். அந்த மக்கள் இறங்கிப் போனதை இருவருமே ஒரு துயரமாகவே பேசிக்கொண்டிருந்தோம். பெரியம்மா நடுவில் புகுந்தார்.

"எறங்கிப் போனவங்க நல்லா இருந்தாங்களா?"

ஃபியோர்டின் கரையூர்களுக்கும் நகரங்களுக்கும் போயிருப்பார்கள், பிழைத்திருப்பார்கள் என்றோம்.

"அப்பறம் என்ன? கொழந்தையக் கயித்துல கட்டிப்போட்டுப் பொழைச்சது போதும்னு எறங்கியிருப்பாங்க. எறங்குனது தப்பில்ல சாமி. ஏறுனவங்களுக்கு ஏறத் தெரிஞ்சுது. எறங்குனவங்களுக்கு எறங்கத் தெரிஞ்சுது." கொஞ்சம் நிறுத்தி, "கூரைய மட்டும் விடாம வெச்சிருக்காங்க பாரு. அது போதும்" என்றார்.

படகு வளைந்தது. கெய்ராங்கர் ஊர் தெரியத் தொடங்கியதும் பயணிகள் எல்லோரும் முன்பக்கம் நகர்ந்தார்கள். பெரியம்மா பின்பக்கத்திலேயே, கம்பியைப் பிடித்தபடி, பாறைக்கோடு ஸ்காகெஃப்ளோவை மறைக்கும்வரை நின்றிருந்தார். முழங்காலுக்கு அது அதிக நேரம். உட்காரச் சொல்லி நாங்கள் வற்புறுத்தவில்லை.

ஓஸ்லோவுக்குத் திரும்பிய மறுவாரம், அவரே மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, காட்டைக் கொடுத்துவிடலாம் என்றார். இரண்டு ஆண்டுகளாகத் தாம் எதிர்பார்த்திருந்த சொல் என்பதால் அண்ணன் மகிழ்ந்தார். அடுத்த வாக்கியத்தில் அந்த மகிழ்ச்சி குறைந்தது. மனை போடுகிறவர்களுக்கு வேண்டாம், ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார் பெரியம்மா. விலை பாதிகூடத் தேறாது என்று அண்ணன் எடுத்துச் சொன்னது இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்டது. பெரியம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நான் எறங்கியாச்சு கண்ணு. ஏறுறவன் ஒருத்தன் இருந்தா அவனுக்குக் குடு" என்றார்.

பக்கத்து ஊரில் நாற்பது ஆடு வைத்திருந்த ஒரு குடும்பம் அதை வாங்கியது. பத்திரம் பதிந்த அன்று பட்டியின் சாவியைப் பெரியம்மாவே அவர்கள் கையில் கொடுத்தாராம். வடக்குப் பக்கத்து ஓடுகள் மழைக்கு முன் மாற்றப்பட வேண்டியவை என்பதையும், கிணற்றடிப் புல்லில் முதலில் குட்டிகளை விடக்கூடாது என்பதையும் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார் என்று அண்ணன் எழுதியிருந்தார்.